கொல்லை மண் ஏரியில்... ஏரி வண்டல் எங்கே?

புயலுக்குப் பிறகு சாய்ந்த பயிரை எண்ணுகிறோம், இடிந்த வீட்டை எண்ணுகிறோம். கரைந்து போன மேல்மண்ணை எண்ண ஆளில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து நிலங்களில் ஆண்டுதோறும் நடக்கும் இந்த இழப்பு எங்கே போய்ச் சேருகிறது, அதை மீட்க வழி உண்டா? ஒரு சிறப்புப் பார்வை.

2024 டிசம்பர் 1, ஞாயிறு காலை. முந்தின இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் அங்கேயே நின்று கொட்டிக்கொண்டிருந்தது. மயிலம் குன்றைச் சுற்றியுள்ள கொல்லைகளில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று அடையாளம் தெரியவில்லை. மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் வண்டிப்பாதையை ஓடையாக்கிக்கொண்டு, செங்காவி நிறத்தில், நுரை தள்ளியபடி பள்ளத்துக்குப் பாய்ந்தது. கார்த்திகைப் பட்டத்துக்குப் போட்ட மணிலா (நிலக்கடலை) விதையும், அதற்கு முன் வண்டி வண்டியாக அடித்த குப்பை உரமும் அந்தத் தண்ணீரோடு போயின.

அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் பதிவான மழை 51 சென்டிமீட்டர். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையில் ஏறக்குறைய பாதி, ஒரே நாளில். ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் மட்டும் 20 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்து கொட்டினால் 170 லாரி.

டிசம்பர் 3 அன்று தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. 33 சதவிகிதமும் அதற்கு மேலும் சேதமான நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய். செத்துப்போன மாட்டுக்கு, ஆட்டுக்கு, கோழிக்குக்கூடத் தனித்தனித் தொகை இருந்தது. பயிரைத் தாங்கிய மண்ணுக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அடுத்த இரண்டாவது நாள், டிசம்பர் 5, உலக மண் தினம்!

ஒரு மில்லிமீட்டரின் எடை

மண் அரிப்பு என்றால் பள்ளம் விழுந்த ஓடையும் சரிந்த கரையும்தான் நினைவுக்கு வரும். கண்ணுக்குத் தெரியும் அரிப்பு அது. பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாத வகையில் நடக்கிறது. மழைத்துளி வேகமாக வந்து அறையும்போது வெற்று மண்ணின் கட்டி உடைகிறது. உடைந்த துகள்களில் லேசானவை தண்ணீரோடு மெல்லிய படலமாக நழுவுகின்றன. நிலம் முழுக்க ஒரே சீராகப் போவதால், மறுநாள் வந்து பார்க்கும் விவசாயிக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது.

கணக்குப் போட்டால்தான் அதிர்ச்சி. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் போனால், அதன் எடை சுமார் 6 டன். இரண்டு டிராக்டர் லோடு மண்ணை யாராவது நம் கொல்லையிலிருந்து அள்ளிக்கொண்டு போனால் அரிவாளோடு ஓடுவோம். மழை அள்ளிப் போனால் தெரிவதே இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 16.4 டன் மண் அரிபடுகிறது என்பது 1983-ல் மண்வளப் பாதுகாப்பு விஞ்ஞானிகள் துருவ நாராயணாவும் ராம் பாபுவும் போட்ட கணக்கு. இன்றும் பாடப்புத்தகங்களில் நிற்கும் எண் அது. ஏக்கருக்கு மாற்றினால் ஆறரை டன். அதாவது, அந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

போகிற மண்ணும் சாதாரண மண் அல்ல. கனமான மணலும் சரளையும் நிலத்திலேயே தங்கிவிடும். களித்துகளும், மக்கிய பொருளும், அவற்றில் ஒட்டியிருக்கும் சத்துமே முதலில் கிளம்பும். ஆகவே, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கொல்லையில் எஞ்சுவது இன்னும் கொஞ்சம் மணற்சாரியான, இன்னும் கொஞ்சம் வறிய மண். ஒரு அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், போனதை இயற்கை நம் ஆயுளில் திருப்பித் தராது.

■ பெட்டிச் செய்தி: நிவாரண விதியில் மண்

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான 2022-26 விதிமுறைகள் மண்ணை அடியோடு மறக்கவில்லை. இரண்டு இனங்கள் உண்டு.

• வெள்ளம் வந்து வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ சேறோ படிந்தால், அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்.

• நிலச்சரிவாலோ, ஆறு தடம் மாறியதாலோ நிலத்தின் பெரும்பகுதி அழிந்தால், ஹெக்டேருக்கு 47,000 ரூபாய்.

• இரண்டுமே சிறு, குறு விவசாயிகளுக்கானவை.

• மேல்மண் படலமாகக் கரைந்து போனால்? அதற்கு இனம் இல்லை, தொகையும் இல்லை.

ஆற்றோரத்துக்கு ஒரு நியாயம், மேட்டுக்கு ஒரு நியாயம்

இந்த விதி விழுப்புரம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டு அரசூர், இருவேல்பட்டுப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது. ஆற்றோரக் கழனிகளில் மணல் மேடிட்டது. அந்த விவசாயி பயிருக்கும் நிவாரணம் கேட்கலாம், மணலை அகற்றவும் கேட்கலாம்.

மயிலம், ஒலக்கூர், வல்லம், வானூர் பக்கத்து மேட்டுக் கொல்லைக்காரரின் நிலை வேறு. அவர் நிலத்தில் எதுவும் வந்து படியவில்லை, அங்கிருந்துதான் போயிருக்கிறது. படிந்த மண்ணை அளக்க ஒரு குச்சி போதும். போன மண்ணை அளக்க, முன்பு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் என்ன பயிர், எத்தனை ஏர் என்று இருக்கும். மேல்மண் எத்தனை சென்டிமீட்டர் என்று இருக்காது.

விளைவு, அடுத்த பட்டத்தில்தான் தெரியும். மழை ஒரு வாரம் தள்ளினாலே பயிர் வாடும். போட்ட உரம் பிடிக்காது. விவசாயி இன்னொரு மூட்டை சேர்த்துப் போடுவார். மண் இழப்பு, உரக்கடை பாக்கியாக மாறும் இடம் இதுதான்.

மல்லாட்டைச் செடி சொல்லும் சாட்சி

இந்த வட்டாரத்தில் மண்ணின் நலனை அறிய ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. மணிலாவென்றும் மல்லாட்டையென்றும் இங்கே அழைக்கப்படும் நிலக்கடலைச் செடியைக் கேட்டாலே போதும். திண்டிவனத்தின் பெயரை இந்திய வேளாண்மை அறிந்ததும் அந்தச் செடியால்தான். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் பயிரானது. 1967-ல் டி.எம்.வி. 7 வந்தது. 'டி.எம்.வி.' என்ற மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிப்பது.

மற்றப் பயிர்களுக்கு மண் வேரைப் பிடித்துக்கொண்டால் போதும். மல்லாட்டைக்கு மண்ணே கருப்பை. பூ வெளியே பூக்கும். கருவுற்றதும் அதிலிருந்து ஊசி போல ஒரு விழுது கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்து இறங்கி, உள்ளே போய்க் காயாகும். மேல்மண் பொலபொலவென்று இருந்தால் விழுது சுலபமாக இறங்கும். மக்கு இல்லாத செம்மண்ணில், ஒரு மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்தால் மேற்பரப்பு ஓடு போல இறுகிவிடும். விழுது முனை அந்த ஓட்டில் முட்டி நின்று காய்ந்துபோகும். செடியைப் பிடுங்கினால் மேலே பச்சைப்பசேல், கீழே நாலே நாலு காய்.

இறங்கிய விழுதுக்கும் ஒரு சோதனை உண்டு. வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக வாங்காது. தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சும். அந்தச் சத்து மேல்மண்ணில் இல்லையென்றால் ஓடு மட்டும் பெருக்கும், பருப்பு கட்டாது. அதுதான் பொக்கு. இதனால்தான் விதைத்த 40-45-ம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். செஞ்சியிலோ திண்டிவனத்திலோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை போகும்போது, வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி உடைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். மேல்மண் போன கொல்லைக்காரருக்கு எடையிலும் அடி, விலையிலும் அடி.

இறுகும் சிக்கல் மேலே மட்டும் இல்லை. ஆண்டாண்டாக ஒரே ஆழத்தில் டிராக்டர் ஓடுவதாலும், ரோட்டவேட்டர் மேல் நான்கைந்து அங்குலத்தை மட்டும் பொடியாக்குவதாலும், அதற்குக் கீழே கடினமான தகடு உருவாகிறது. பொடியான மேல்மண் மழையில் கரையத் தயாராக இருக்கும். அடித்தகடு தண்ணீரை உள்ளே விடாது. உள்ளே போகாத தண்ணீர் மேலே ஓடும். ஓடும்போது பொடியைத் தூக்கிக்கொண்டு போகும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பை ஓட்டினால் இந்தத் தகடு உடையும். வாடகைச் செலவு கூடுதல் என்பதால் பலரும் தள்ளிப்போடுகிறார்கள்.

கழனியும் கடலோரமும்

பாசன வசதியுள்ள கழனியில் மண் ஓடுவது குறைவு. அங்கே சிக்கல், மண் இருந்த இடத்திலேயே களைத்துப்போவது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஓய்வே இல்லாமல் நெல். அதற்கு எளிதில் கிடைக்கும் யூரியா. பயிர் உடனே கறுத்து எழுவதால் கண்ணுக்குத் திருப்தி. தழைச்சத்து மட்டும் தொடர்ந்து ஏற, துத்தநாகம் போன்ற நுண்சத்துகள் இறங்கிக்கொண்டே போகும். மண்ணின் வளத்தையும் கட்டமைப்பையும் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால் முடிவில் பாலைவனம்தான் மிஞ்சும் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் எச்சரித்தது 1968 ஜனவரியில். பசுமைப் புரட்சியை முன்னின்று நடத்தியவரே, அது தொடங்கிய வேகத்திலேயே சொன்ன வார்த்தை அது.

கரும்புக் கழனியில் வேறொரு வேடிக்கை. வெட்டு முடிந்ததும் ஏக்கருக்குச் சில டன் சோகை கிடக்கும். அதைப் பரப்பி மூடாக்காக்கினால் ஈரம் நிற்கும், களை குறையும், மக்கிச் சேரும். ஆள் கிடைக்காததாலும், மறுதாம்புக்கு அவசரம் என்பதாலும் நெருப்பு வைத்துவிடுகிறார்கள். மண்ணுக்குப் போக வேண்டியது ஒரு மாலையில் புகையாகிறது. பிறகு அதே சத்தை மூட்டையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

மரக்காணம், வானூர் கடலோரத்தில் நிலத்தடி நீரை அதிகமாக உறிஞ்சும் இடங்களில் கடல்நீர் உள்ளே நகரும் அபாயம். உப்புநீரைப் பாய்ச்சப் பாய்ச்ச மண்ணிலும் உப்பு ஏறும். திண்டிவனம்-மரக்காணம் பக்கம் தர்பூசணி பெரும் பருவப் பயிர். பிளாஸ்டிக் மூடாக்கு விரித்துப் போட்டால் களையும் இல்லை, தண்ணீரும் மிச்சம். அறுவடைக்குப் பிறகு அந்தத் தாளை முழுக்கச் சுருட்டி எடுக்காமல் உழுதுவிட்டால், கிழிந்த துண்டுகள் மண்ணிலேயே கிடக்கும்.

இதில் குத்தகையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பட்டத்துக்கு மட்டும் நிலத்தைப் பிடிப்பவர், மூன்று ஆண்டு கழித்துப் பலன் தரும் எருவை ஏன் அடிக்கப் போகிறார்? நிலத்துக்காரர் ஊரில் இல்லை. மண்ணைக் கவனிக்கும் பொறுப்பு இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

ஏரிக்குள் கிடக்கிறது நம் கொல்லை

போன மண் எங்கே? கொஞ்சம் கடலுக்கு. சங்கராபரணி ஆற்றின் வழியாகவும் ஓடைகள் வழியாகவும் போவது அது. கொஞ்சம் கழுவேலிக்கு. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்த ஆழமில்லாத ஏரியில்தான் திண்டிவனம், வானூர்ப் பகுதி ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்கிறது. இன்னொரு பங்கு மண், வழியிலேயே ஏரிகளிலும் அணைகளிலும் தங்கிவிடுகிறது.

சங்கராபரணியின் குறுக்கே 1950-களின் கடைசியில் கட்டப்பட்ட வீடூர் அணையின் உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கனஅடி. தமிழகத்தில் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்கும் பாசனம். 32 அடி எட்டியது என்று செய்தி வரும்போது, அதில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை அடி செஞ்சி மலையடிவாரத்து மண் என்று யாரும் கேட்பதில்லை. ஊர் ஏரிகளின் கதையும் இதுதான். இரண்டு மழைக்கே கலங்கல் வழியும். பங்குனியில் தரை தெரியும். ஏரி நிரம்பியது போலத் தெரிந்ததில் ஒரு பங்கு சேறு.

ஒருகாலத்தில் இது சிக்கலாகவே இருந்ததில்லை. கோடையில் ஏரி வறண்டதும் மாட்டு வண்டிகள் உள்ளே இறங்கும். வண்டலை வெட்டி மேட்டுக் கொல்லைக்கு அடிப்பார்கள். ஏரி ஆழப்பட்டது, கொல்லைக்குக் களிமண் கிடைத்தது. மணற்சாரிச் செம்மண்ணுக்கு ஏரிக்களியைவிட நல்ல மருந்து இல்லை. ஈரம் பிடிக்கும், சத்தைப் பிடித்துவைக்கும். பக்கத்தில் ஆட்டுக்கிடை மடக்கினால் எருவும் ஆயிற்று. மாடு குறைந்தது, டிராக்டர் வந்தது, கனிமச் சட்டமும் அனுமதிச் சீட்டும் நடுவில் வந்தன. ஏரிக்கும் கொல்லைக்கும் இருந்த வண்டித்தடம் அழிந்துபோனது.

2024-ல் அரசு ஒரு கதவைத் திறந்தது. ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க மாவட்ட ஆட்சியர் வரை அலைய வேண்டியதில்லை, வட்டாட்சியரே அனுமதி தரலாம், மண் இலவசம் என்றது. புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கனமீட்டர் வரை எடுக்கலாம். இந்த எண்ணைக் கொல்லையில் பரப்பிப் பார்ப்போம். ஒரு ஏக்கர் முழுக்க 2.2 சென்டிமீட்டர் கனத்துக்கு வரும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில், இருபது ஆண்டுகளில் போனது ஒரே கோடையில் திரும்பிவிடும். அரசுத் திட்டங்களில் இவ்வளவு நேரடியாக மண்ணைத் திருப்பித் தருவது வேறொன்றும் இல்லை.

■ பெட்டிச் செய்தி: வண்டல் அடிக்கும் முன்...

• எவ்வளவு: நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர் வரை. 100 கனஅடி டிப்பரில் 90 கனமீட்டர் என்பது சுமார் 30 லோடு.

• எங்கே: இ-சேவை வழியாக விண்ணப்பம், வட்டாட்சியர் அனுமதி. பட்டா, சிட்டா, அடங்கல் கையில் இருக்கட்டும்.

• எந்த நிலத்துக்கு: மணற்சாரி, செம்மண் கொல்லைக்கு ஏற்றது. ஏற்கெனவே களியான கழனியில் மேலும் களியைக் கொட்டினால் வடிகால் கெடும்.

• எச்சரிக்கை: உப்பு, உவர் உள்ள ஏரி வண்டல் ஆகாது. எடுக்கும் முன் ஒரு கிலோ மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

• எப்போது: ஏரி காய்ந்த சித்திரை, வைகாசியில் அடித்துப் பரப்பி, ஆடிக்கு முன் உழுதுவிட வேண்டும்.

இலவச மண்ணுக்கு யார் கொடுக்கும் வாடகை?

மண் இலவசம்தான். வெட்டும் ஜேசிபிக்கும் இழுக்கும் டிராக்டருக்கும் வாடகை உண்டு. ஒரு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கு 30 லோடு வாடகை என்பது அந்த ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு. சொந்த டிராக்டர் உள்ளவருக்கு இதே திட்டம் வரப்பிரசாதம். யாருடைய கொல்லை அதிகம் மேட்டில் இருக்கிறதோ, யாருடைய மண் அதிகம் கரைந்ததோ, அவர்தான் கடைசியில் நிற்கிறார்.

இன்னொரு ஆபத்து, விவசாயி பெயரில் கிளம்பும் மண் வேறிடம் போவது. செங்கல் சூளைக்கு மண் வேண்டும், மனைப்பிரிவு மேடாக்க மண் வேண்டும், சாலைக்கு மண் வேண்டும். செம்மண்ணுக்கு இருக்கும் சந்தையை இந்த மாவட்டம் நன்றாகவே அறியும். வானூர் வட்டம் பூத்துறையில் அனுமதித்த அளவுக்கு மேல் செம்மண் வெட்டி அரசுக்கு 28.36 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுத்தியதாக, முன்னாள் அமைச்சர் ஒருவர் உள்ளிட்டோர் மீது 2012-ல் தொடரப்பட்ட வழக்கு விழுப்புரம் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. வண்டலுக்குக் கீழே ஏரியின் அசல் தரையையும் தோண்டிவிட்டால் தண்ணீர் தங்கும் தன்மையே போய்விடும். கரையை ஒட்டி வெட்டினால் கரை பலவீனப்படும். எத்தனை லோடு, யார் நிலத்துக்கு என்பதை ஊராட்சி அலுவலக வாசலில் எழுதிப்போட்டால், பாதி முறைகேடு அங்கேயே நிற்கும். ஊர்க்காரருக்கு யார் கொல்லை எது என்று தெரியாதா என்ன?

வானூர் மேட்டில் ஒரு பாடம்

வண்டலைத் திரும்பக் கொண்டுவருவது பாதி வேலை. மறுபடியும் ஓடாமல் நிறுத்துவது மீதி. அதற்கான பாடம் இதே மாவட்டத்தில் இருக்கிறது.

திருவக்கரைக்குப் போனவர்கள் கல்மரங்களைப் பார்த்திருப்பார்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடிமரங்கள் கல்லாகிக் கிடக்கும் அந்த இடத்தைச் சுற்றி, மழை அறுத்த செம்மண் பிளவுகளையும் கவனித்திருக்கலாம். வானூர் மேட்டின் பல பகுதிகள் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தன. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியபோது அது பெரும்பாலும் மரமற்ற செம்மண் பொட்டல். மழைக்காலத்தில் ஓடைகள் மண்ணை வாரிக்கொண்டு போய்க் கடலையே சிவப்பாக்கும்.

அங்கே குடியேறியவர்களும் இடையன்சாவடி, குயிலாப்பாளையம் போன்ற சுற்றுக் கிராமத்து உழைப்பாளிகளும் மரம் நட்டதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மரத்துக்குத் துணை நின்றது வரப்பு. சரிவுக்குக் குறுக்கே மண்வரப்பு, ஓடைகளில் சிறு தடுப்பணை, பள்ளங்களில் குட்டை. ஓடும் தண்ணீரை நடக்க வைத்தார்கள், நடக்கும் தண்ணீரை உட்கார வைத்தார்கள். மண் நின்றது. பிறகுதான் மரம் பிடித்தது. இன்று அங்கே லட்சக்கணக்கான மரங்கள்.

கொல்லைக்காரர் காடு வளர்க்க முடியாது, இருபது ஆண்டு காத்திருக்கவும் முடியாது. ஆனால், அந்த வரப்பை அவர் ஒரே கோடையில் போட்டுவிடலாம். நம்மில் பலரும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக உழுகிறோம். டிராக்டர் திருப்ப வசதி, டீசல் மிச்சம். அந்தச் சால் ஒவ்வொன்றும் மழைக்கு நாமே வெட்டித்தரும் வாய்க்கால். குறுக்கே உழுதால் அதே சால் ஒவ்வொன்றும் சிறு வரப்பாகிவிடும். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

அட்டை வந்தது... அளவு வரவில்லை

2015 பிப்ரவரியில் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. தழை, மணி, சாம்பல் சத்திலிருந்து போரான், கரிமச்சத்து வரை 12 விவரங்கள் அதில் இருக்கும். நல்ல திட்டம். குறைகள் இரண்டு. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கட்டத்தில் எடுத்ததால், ஒரே மாதிரியின் முடிவு பல விவசாயிகளின் அட்டையில் ஏறியது. அரை ஏக்கர்க்காரருக்கு அது பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனை. இரண்டாவது, மேல்மண் எத்தனை சென்டிமீட்டர் எஞ்சியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எந்த ஆழத்தில் தகடு இருக்கிறது என்பவை அந்த 12-ல் இல்லை.

மாநில அரசு 2024-25 வேளாண் பட்ஜெட்டில் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தை 206 கோடி ரூபாயில் அறிவித்தது. 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை அதில் முக்கியமான பகுதி. தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுக்கும் 45-ம் நாள் வாக்கில் மடக்கி உழுதால், வண்டி கட்டி எரு அடிக்க முடியாதவருக்கும் எரு கிடைக்கும். பெருமழை அறையும்போது மண்ணுக்கு மேல் ஒரு பச்சைக் கூரையும் ஆகும்.

■ பெட்டிச் செய்தி: மண் மாதிரியை நீங்களே எடுங்கள்

• நெல், மணிலா, உளுந்துக்கு 15 செ.மீ. ஆழம். கரும்புக்கு 22 செ.மீ.

• ஒரே மாதிரியான நிலத்தில் 10 முதல் 15 இடங்களில், ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டி, அதன் ஓரத்தைச் சீராகச் செதுக்கி எடுக்கவும்.

• எருக்குழி, மர நிழல், வரப்போரம், கிணற்றோரம் வேண்டாம். உரம் போட்ட உடனேயும் வேண்டாம்.

• எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைக்கவும். பழைய உரச்சாக்கில் கட்டாதீர்கள்.

• அதே குழியில் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். எந்த ஆழத்தில் முட்டி நிற்கிறதோ, அங்கே தகடு. அதையும் குறித்துவையுங்கள்.

இனி என்ன?

1930-களில் அமெரிக்கச் சமவெளிகளின் மண் புழுதிப் புயலாகக் கிளம்பி தலைநகர் வாஷிங்டன் வரை வந்தது. வானம் இருண்டதை அரசியல்வாதிகள் கண்ணால் பார்த்தார்கள். 1935-லேயே மண் பாதுகாப்புக்குச் சட்டமும் தனித் துறையும் வந்துவிட்டன. நம் மண் தண்ணீரோடு போகிறது. ஏரிக்குள் படிகிறது, கடலுக்குள் மறைகிறது. கோட்டையின் கண்ணில் படுவதில்லை. ஆகவே, அதைக் கணக்கில் ஏற்றும் வேலையை ஊர்தான் தொடங்க வேண்டும்.

அரசிடம் கேட்க மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அடுத்த புயலின் சேதக் கணக்கெடுப்புப் படிவத்தில் மேல்மண் இழப்புக்கு ஒரு பத்தி வேண்டும். மண்வள அட்டையில் மேல்மண் ஆழத்துக்கு ஓரிடம் வேண்டும். சிறு, குறு விவசாயியின் கொல்லைக்கு வண்டல் கொண்டுசேர்க்கும் வாடகையில் அரசின் பங்கு வேண்டும். ஏரி தூர்வாரவும் பயிர் நிவாரணத்துக்கும் தனித்தனியாகச் செலவழிப்பதைவிட இது மலிவு. ஏரியும் ஆழப்படும், கொல்லையும் தேறும்.

விவசாயி யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாத விஷயங்களும் மூன்று. சரிவுக்குக் குறுக்கே உழுவது. உடைந்த வரப்பை ஆடிக்கு முன் அணைப்பது. வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது கொல்லையை வெறுமனே போடாமல், ஏதாவது ஒரு பயிரால் மூடிவைப்பது. அடுத்த பெருமழை எந்த ஆண்டு என்று சொல்ல முடியாது, வராமல் இருக்காது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் பெய்யும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பெய்தது. இந்தக் கோடைக்குள் வரப்பைப் போடுங்கள்.